மூன்றாவது எண்ணில் ஒரு கைதட்டல்

மார்ச் 4, புதன்

அடி அவசரம்,

நேற்று நீ நான்கு தடவை போன் செய்தாய் என்று என் மகன் சொன்னான். சொன்னான் என்றால், தாளில் எழுதிக் காட்டினான். அதுவும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி கொட்டைக் கொட்டை எழுத்தில். காது போனால் கண்ணும் போய்விடும் என்று யார் இவனுக்குச் சொன்னார்களோ! இனிமேல் போன் செய்யாதே. எழுது. இத்தனை வருஷம் வாய்க்குத்தானே வேலை கொடுத்தாய், கொஞ்சம் கைக்கும் கொடு.

காது நிலவரம் கேட்டிருந்தாயாம். இடது காது போன வருஷமே விடைபெற்றது உனக்குத் தெரியும். வலதுக்கும் இப்போது அவசரம் வந்துவிட்டது (உன்னைச் சொல்லவில்லை). டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டினால், எதிரே நின்று பேசுகிறவர் பேச்சு பாதி புரிகிறது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது. கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். பாட்டை அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம்.

தையல் கடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலாளிதான் முதலில் பயந்தார். "மெஷின் சத்தமே கேக்காம எப்படிம்மா திரைச்சீலை தைப்பே? நூல் அறுந்தா எப்படித் தெரியும்?" என்று. இடது கையை மெஷின் பலகை மேல் வைத்தபடி தைத்துக் காட்டினேன். அடி நூல் தீரப் போகிறதென்றால் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் மாறும். ஊசி மொட்டையானால் வேறு மாதிரி. காது இருந்த காலத்தில்கூட நான் இவ்வளவு சுத்தமாக ஓரம் அடித்ததில்லை.

வீட்டில்தான் ரோதனை. மகன் நேற்று இசைத்தட்டு அலமாரி முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். பிறகு தாளை எடுத்தான். "கேக்காத காதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தட்டு? யாருக்காவது குடுத்துடலாமே." நான் அதே தாளில் கீழே எழுதினேன்: "உன் கல்யாண ஆல்பத்தை எப்போ கடைசியாத் திறந்து பார்த்தே? அதையும் யாருக்காவது குடுத்துடலாமா?" தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அலமாரி போகாது. நான் போனால்தான் அது போகும்.

ஆனால் ஞாயிறு என்னவோ காலியாகத்தான் இருக்கிறது. மூன்று வாரமாக என் வீட்டில் நம் பாட்டுக் கூட்டம் இல்லை. பூட்டுக்காரருக்கு முழங்கால் வலியாம். நர்ஸுக்கு டியூட்டி மாறிவிட்டதாம், புது வீட்டில் சாமான் வேறு அடுக்கி முடியவில்லையாம். பதினெட்டு வருஷத்தில் மழைக்குக்கூட நின்றதில்லை நம் கூட்டம். போன ஞாயிறு நான் மட்டும் தனியாக உட்கார்ந்து நம் டேப்பைப் போட்டேன். கேசட் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு எண்ணிக்கை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. அழவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பதில் போடு. நுணுக்கி எழுதாதே.

உன்
ரீல்


மார்ச் 11

என் அருமை ரீலுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் திட்டுவாய், கேட்கவில்லை.

நுணுக்கி எழுதாதே என்று நீ சொல்கிறாயா? நீ எழுதிய அளவு சின்ன எழுத்து எங்கள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற பலகையின் கடைசி வரியில்கூடக் கிடையாது. கடையில் புதிதாக வந்த பெண்ணிடம் உன் கடிதத்தைக் காட்டி, "இதைப் படிச்சிட்டா உனக்குக் கண்ணாடியே வேண்டாம்" என்றேன்.

இங்கே மகள் வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பேச ஆள் இல்லை என்பதைத் தவிர. போன வாரம் அவளை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டுப் படத்துக்குப் போனேன். பஸ் கழுவுகிறவன் கதை. இருபத்திரண்டு பஸ் வரிசையாக நிற்க, அவன் வாளியைத் தட்டிக்கொண்டு பாடுகிறான், அடேயப்பா! நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மகள் போனில் காய்கறி ஆர்டர் செய்துகொண்டிருக்கிறாள். "முடிஞ்சுதாம்மா?" என்கிறாள். இவளைப் பெற்றது நான்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. பூட்டுக்காரர் இந்தப் படத்தைப் பார்த்தால், "பாத்தியா, மேடையில இருபத்திரண்டு பஸ்ஸை நிறுத்த முடியுமா? சினிமாதான் பெரிசு" என்று ஆரம்பித்துவிடுவார். அவரிடம் சொல்லாதே.

நீ டேப்பைத் தனியாகப் போட்டேன் என்று எழுதியதிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. முப்பத்தொரு வருஷம்! 'ஏழாம் மாடி' நாடகத்தின் கடைசி ஆட்டம். பால்கனி மூன்றாம் வரிசை. உன் மடியில் சால்வை, சால்வைக்கு அடியில் டேப் ரெக்கார்டர். டார்ச் லைட்டோடு ஆள் பக்கத்தில் வரும்போதெல்லாம் நீ குளிர்க் காய்ச்சல்காரி மாதிரி நடுங்கினாய். லிப்ட்காரி பாடிக்கொண்டே மேலே போவாள், ஆறாம் மாடி தாண்டி லிப்ட் பாதியில் நின்றுவிடும். பாட்டும் நின்றுவிடும். எட்டு எண்ணும் வரை மேடையில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கிடையாது. பிறகு ஒரு மணி, மறுபடி பாட்டு. பாட்டு முடிந்துவிட்டது என்று எந்த மடையனும் நினைப்பான். மூன்றாவது எண்ணில் ஒரே ஒரு கைதட்டல். அரங்கமே திரும்பிப் பார்த்தால், காற்றில் நிற்கிறது என் இரண்டு கை! அன்றைக்கு வந்த பேர்தானே இந்த 'அவசரம்'.

அந்த மௌனத்தைப் பிறகு வந்த இசைத்தட்டில் இரண்டு எண்ணிக்கையாக வெட்டினார்கள். நாடகத்தைச் சினிமாவாக எடுத்தபோது அதுவும் இல்லை. நம் டேப்பில் மட்டும்தான் எட்டும் இருக்கிறது. அலமாரியைக் கொடுக்காதே, சரியாகச் சொன்னாய்.

ஞாயிறு பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கொஞ்ச நாள் அதை விட்டுவிடேன். அந்த நேரத்தில் தூங்கு. செடி வை. எல்லோருக்கும் வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது. கூட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது?

உன் அன்பு
அவசரம்


மார்ச் 23

அவசரத்துக்கு,

செடி வைக்கச் சொன்னாய். நேற்று நான் திரைச்சீலை மாட்டப் போனேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், படி.

இரண்டு வாரம் முன்னால் யாரோ ஒருவர் கடைக்கு வந்து ஆர்டர் கொடுத்தார். முதலாளி சீட்டில் எழுதி என்னிடம் தந்தார். கதவு எண் பன்னிரண்டு, நான்காம் மாடி, முன்னறை, இரண்டு ஜன்னல். கீழே ஒரு குறிப்பு: "கனமான துணி. உள்ளே பாட்டுப் போட்டால் வெளியே கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டில் சண்டை." எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இந்த ஊரில் நம்மை மாதிரி இன்னொரு பாட்டுப் பைத்தியம் இருக்கிறது, வாழட்டும் என்று நினைத்தேன். கேட்டது இரண்டு அடுக்கு, நான் நடுவில் கம்பளித் துணி வைத்து மூன்று அடுக்காகத் தைத்தேன். அடியோரத்தில் ஈயக் குண்டு கோத்தேன், இடுக்கு விடாமல் தொங்கட்டும் என்று.

மாட்டுகிற ஆள் லீவு. நானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் நர்ஸின் வீட்டுக்காரர். நான் எந்தக் கடையில் தைக்கிறேன் என்று அவருக்குத் தெரியாதாம், என்னைப் பார்த்ததும் முகம் செத்துப் போயிற்று. அவருக்குப் பின்னால் முன்னறை. பூட்டுக்காரர் முழங்காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! நர்ஸ் கையில் டீத் தட்டு. பிளேயர் சுற்றிக்கொண்டிருக்கிறது. உனக்கென்று ஒரு காலி நாற்காலிகூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இல்லை.

ஏணியை விரித்தேன். இரண்டு ஜன்னலுக்கும் திரை மாட்டினேன். மடிப்பை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். அரை மணி நேரம் மூன்று பேரும் சிலை மாதிரி நின்றார்கள். இறங்கி வந்து, "கொக்கி ரெண்டு கம்மியா இருக்கு, நாளைக்கு அனுப்பறேன்" என்றேன். அப்போதுதான் நர்ஸ் அழ ஆரம்பித்தாள். அவள் எந்தப் படத்துக்குத்தான் அழவில்லை? பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: "அவசரம்தான் வேணாம்னா. பாட்டு போட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும், உனக்குத் தெரியாம வேற இடத்துல வெச்சுக்கலாம்னு சொன்னா."

நீயா?

என் கையாலேயே மூன்று அடுக்குத் திரை தைக்க வைத்துவிட்டாய், என்னைத் தள்ளி வைத்த கூட்டத்தின் சத்தம் வெளியே போகாமல் இருக்க. காது போனதற்கு நான் யாரிடமும் அழவில்லை. இதற்கு அழுதேன், கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து. அதைத் தெரிந்துகொள்.

ரீல்


மார்ச் 30

ரீலு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆமாம், நான்தான்.

ஜனவரியில் நான் வந்திருந்தேனே, அந்த ஞாயிறு. பூட்டுக்காரர் ஏதோ ஜோக் அடித்தார், எல்லோரும் சிரித்தோம். நீ எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தாய். கடைசியில் டேப் போட்டோம். அந்தக் கைதட்டல் வந்தது, வழக்கம்போல எல்லோரும் என்னை நோக்கி விரலை நீட்டினார்கள், நான் எழுந்து வணக்கம் போட்டேன். நீயும் விரலை நீட்டினாய், எல்லோருக்கும் பிறகு. பாட்டு முடிந்தது. பிளேயரை நிறுத்திவிட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு இன்னும் தலையாட்டிக்கொண்டே இருந்தாய்.

யாரும் உன்னைத் தொட்டுச் சொல்லவில்லை. நானும்தான். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் நர்ஸுக்குப் போன் செய்தேன். உனக்காக என்று சொன்னேன். அது பொய். உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். என் வலிக்கு உன்னை வெளியே நிறுத்தினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை, எழுதக் கையும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

திட்டியாவது ஒரு வரி போடு.

அவசரம்


ஏப்ரல் 9

ரீலு,

பத்து நாள் ஆயிற்று. தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து மருமகன் கேலி செய்கிறார். பஸ் கழுவுகிறவன் படத்தின் பாட்டுத் தட்டு வந்திருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன், யாருக்கு என்று தெரியாமல்.

அ.


ஏப்ரல் 13, திங்கள்

அவசரத்துக்கு,

பதில் போடாமல் இருந்தது கோபத்தில் மட்டும் இல்லை. வேலை இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். டேப் முடிந்த பிறகும் தலையாட்டினேன் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குத் தெரியவே தெரியாது. மானம் போயிற்று. அந்த வெறியில் மிதியை அழுத்தினேன், அடி நூல் தீர்ந்தது, உள்ளங்கை சொன்னது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அட, கைக்குத் தெரிகிறதே! தையல் மெஷினைக் கேட்கிற கைக்குப் பாட்டுப் பெட்டியைக் கேட்க என்ன கேடு?

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கித் தையல் மேஜை மேல் வைத்தேன். இரண்டு உள்ளங்கையையும் மரத்தின் மேல் வைத்துக்கொண்டு நம் டேப்பைப் போட்டேன். முதல் நாள் வெறும் உறுமல். மூன்றாம் நாள் டிரம் தனியாக வந்தது. ஐந்தாம் நாள் லிப்ட்காரியின் கீழ்க்குரல். மேல்குரல் வராது, இனி எப்போதும் வராது, அது எனக்குத் தெரியும். அதை நினைத்து ஒரு மணி நேரம் அழுதேன், போதும் என்று எழுந்துவிட்டேன். மகன் கதவருகே நின்று பார்த்தான். தாளை எடுக்கவில்லை. மறுநாள் அவனாகவே அலமாரிக்கு ஆணி அடித்து ஆட்டத்தை நிறுத்திக் கொடுத்தான்.

நேற்று ஞாயிறு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் போனேன். நம் டேப்பைப் பையில் போட்டு, கொக்கி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன், பாக்கி வேலை ஒன்று இருக்கிறதே. மாட்டி முடித்தேன். என் திரையை நானே இழுத்து மூடினேன். ஒரு நாற்காலியைத் தூக்கிப் பெட்டி பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்தேன். பூட்டுக்காரர் ஒரு தாளில் "மன்னிச்சிடு தாயே" என்று எழுதி நீட்டினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "டேப்பைப் போடுங்க" என்றேன்.

போட்டார்கள். லிப்ட் மேலே ஏறியது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. ஆறாம் மாடி. மரம் செத்தது. ஒன்று, இரண்டு. மூன்றில் கையை எடுத்துத் தட்டினேன். நல்லா, ஓங்கி.

உன் காலி நாற்காலியை நோக்கி நீண்டிருந்த விரல் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. நான் கையைத் திரும்ப மரத்தில் வைத்து மீதியை எண்ணினேன். எட்டு. மணி என் கைக்கு எட்டவில்லை, மெல்லிய சத்தம் அது. ஆனால் அதற்குப் பின்னால் வருகிற டிரம் உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது.

பாட்டு முடிந்ததும் சொன்னேன். மரம் அடங்கியது, முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. "அந்த டேப்புல தட்டினது அவசரம் இல்ல. நான்தான்."

ஆமாம்டி. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நாம் பேசியதே இல்லை. ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை மறந்து தட்டிவிட்டேன். தட்டிய அடுத்த நொடி பயத்தில் கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்தால் ரெக்கார்டர் பிடிபடும், டேப் போய்விடும். உன்னைப் பார்க்கட்டும் என்று உன் பக்கம் திரும்பினேன். அன்றைக்கு அது டேப்பைக் காப்பாற்றியது. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்தக் கதையை அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தது வெறும் கோழைத்தனம். பேரும் நான்தான் வைத்தேன். நீ எழுந்து எழுந்து வணக்கம் போட்டாய், எனக்காக. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அவர்களிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். என் காது இல்லாமல் நீங்கள் கூட்டம் நடத்தலாம். என் கை இல்லாமல் அந்த டேப் இல்லை. வருகிற ஞாயிற்றிலிருந்து கூட்டம் பழையபடி என் முன்னறையில். ஜோக் அடித்தால் நான் லேட்டாகத்தான் சிரிப்பேன். பாட்டு முடிந்தும் தலையாட்டினால் தோளில் ஒரு தட்டுத் தட்டுங்கள், மூடிக்கொண்டு நிறுத்துகிறேன். அதைவிட்டு அடுப்படிக்கு ஓடிக் குழாயைத் திறக்கிற வேலை இனி வேண்டாம்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. வர விருப்பமிருந்தால் வா. என்னைப் பார்க்கத் தாங்காவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்.

ரீல்


ஏப்ரல் 18

அடி என் ரீலு,

வருகிறேன். 26ஆம் தேதி ஞாயிறு, காலை பஸ். கடையில் லீவு சொல்லிவிட்டேன். பஸ் கழுவுகிறவன் தட்டையும் எடுத்து வருகிறேன். இருபத்திரண்டு பஸ்ஸுக்கும் வாளியை அடிக்கிறான், உன் கைக்கென்றே செய்த மாதிரி. பூட்டுக்காரர் சினிமாதான் பெரிசு என்று ஆரம்பித்தால் நீயே பார்த்துக்கொள்.

சுவரைப் பார்த்தெல்லாம் உட்கார மாட்டேன். நேராக உன்னைப் பார்த்துத்தான் உட்காருவேன். அழுகை வந்தால் அங்கேயே அழுவேன். உனக்குப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்.

உன் மன்னிப்பு மட்டும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். உனக்காகப் பழியைச் சுமந்தேன் என்றா இத்தனை வருஷம் நினைத்தாய்? போடி பைத்தியக்காரி. அரங்கம் திரும்பியபோது என் கை எதற்குக் காற்றில் இருந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? நானும் தட்டத்தான் தூக்கினேன். பாட்டு முடிந்துவிட்டது என்று நானும்தான் நினைத்தேன். அரை நொடி நீ முந்திக்கொண்டாய். உன் சத்தம் கேட்டதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. வணக்கம் போட்டதெல்லாம் எனக்காகத்தான், உனக்காக இல்லை.

அதனால் பேரைத் திருப்பித் தர மாட்டேன். கேட்காதே.

ஞாயிறு டேப் போடும்போது நான் உன் பக்கத்திலேயே உட்காருகிறேன், பால்கனியில் உட்கார்ந்த மாதிரி. மூன்றில் நீ தட்டு. நாலில் நான் தட்டுகிறேன். முப்பத்தொரு வருஷமாகத் தூக்கிய கை, இன்னும் இறக்கவில்லை.

உன்
அவசரம்